ஜெயராணி வளர்த்த சிறுநீரகம்

அந்தமானில், பாம்பூஃப்ளாட் படகுத்துறையில் ஜெயராணியின் சிறுநீரகத்தை விசாரிக்காத ஆள் கிடையாது. "ஜெயா தீதி, ஆப்கா கிட்னி கைசா ஹை?" என்று டிக்கெட் கிழிக்கும் பெங்காலிக்காரர் கேட்பார். "ஏ ஒன் ஹை தாதா! நல்லாச் சாப்பிட்டுட்டுத் தூங்குது" என்று பாதி இந்தியும் பாதித் தமிழுமாக இவள் கத்துவாள். புதிதாகப் படகேறியவர்கள், பாவம், இவளுக்கு என்ன நோயோ என்று இடம் விட்டு நகர்ந்து உட்காருவார்கள். காலியான இடத்தில் நாங்கள் இருவரும் காலை நீட்டிக்கொள்வோம்.

அவளுக்கு ஒரு நோயும் இல்லை. அவள் வேலை அப்படி. போர்ட் பிளேரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சிறுநீரகச் செல்களைப் புட்டிகளில் வளர்க்கிறாள். கண்ணுக்குத் தெரியாத அந்தச் செல்களுக்குச் சத்துநீர் ஊற்றி, உடம்புச் சூடு மாறாத பெட்டிக்குள் வைத்து, கிருமி அண்டாமல் காப்பாற்றுவதுதான் அவள் பிழைப்பு. அதே ஆய்வுக்கூடத்தில் நான் ஸ்டோர் கீப்பர். பெயர் உமா மகேஸ்வரி. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஆபீசில் ஒரு பேர் உண்டு. ஜெயராணியின் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் நான் சாது.

செல்லுக்குப் பசி எடுத்தால் ஞாயிற்றுக்கிழமை என்றோ புயல் எச்சரிக்கை என்றோ பார்க்காது. அதனால் ஞாயிறு காலைப் பூசை முடிந்த கையோடு முக்காட்டைக்கூட எடுக்காமல், அக்கரைச் சாத்தத்துக்குப் போகும் படகைப் பிடிக்க இவள் ஓடுவாள். "கடைசிப் பாட்டு முடியிற வரைக்குமாவது நில்லும்மா" என்று பங்குச் சாமியார் ஒருமுறை வாசலிலேயே மறித்தார். "ஃபாதர், ஆன்மாவ நீங்க பாருங்க. கிட்னிய நான் பாக்கேன்" என்று சொல்லிவிட்டு ஓடியே போனாள். சாமியார் சிரித்துவிட்டார். வேறு என்ன செய்வார்?

அவளுடைய அப்பா தூத்துக்குடிக் கரையிலிருந்து கடல் தொழிலுக்கு இங்கே வந்தவர். இவள் பிறந்தது, படித்தது, எல்லாம் இங்கேதான். ஊர்ப்பக்கம் போனதே இரண்டு மூன்று தடவைதான் இருக்கும். ஆனால் வாயைத் திறந்தால் சுத்தமான தூத்துக்குடி. புருஷன் கஸ்பார் லாங் ஐலண்டில் வளர்ந்தவர். சொந்தமாகச் சின்ன எஞ்சின் படகு வைத்திருக்கிறார். ஒரே மகள் சென்னையில் நர்சிங் படிக்கிறாள். கஸ்பார் அண்ணன் நல்ல உயரம், நல்ல கறுப்பு, பேச்சு கம்மி. ஆனால் பெண்டாட்டி பெருமை பேச ஆரம்பித்தால் அந்த மனிதர் வாயை அடைக்க யாராலும் ஆகாது.

எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் சிவபிரகாஷ் சார். தங்கமான மனுஷன். ஒரே ஒரு வியாதி, 'ஆனால்' என்ற வார்த்தை இல்லாமல் அவருக்கு ஒரு வாக்கியம் முடியாது. "சாப்பாடு நல்லா இருக்கு, ஆனால்..." என்று அவர் வீட்டிலும் ஆரம்பித்திருப்பார், அந்த அம்மா எப்படித்தான் பொறுத்துக்கொள்கிறார்களோ. அவர் அந்த வருஷம் எடுத்துக்கொண்ட வேலை மூக்கிரட்டைக் கீரை. நம் ஊரில் பாதையோரம் படர்ந்து கிடக்கிற, சிவந்த தண்டும் பொடிப்பூவும் உள்ள அதே கொடிதான். சிறுநீரகத்துக்கு நல்லது என்று காலங்காலமாகச் சொல்கிறார்களே, நிஜமாகவே செல்லைக் காப்பாற்றுகிறதா, எதைக் கொண்டு காப்பாற்றுகிறது என்று பார்க்க வேண்டும். கீரையை ஜெயராணிதான் தன் வீட்டுப் பின்பக்கத்திலிருந்து பறித்துக்கொண்டு வருவாள்.

சோதனை எளிதானது. பலகை மாதிரி ஒரு தட்டு, அதில் வரிசையாகக் குழிகள், குழிக்குக் குழி செல்கள். ஒரு வரிசையில் காரீய உப்பைக் கலப்பார்கள். காரீயம் சிறுநீரகத்துக்கு எமன். செல்லுக்குள் புகுந்து, இரும்பில் துரு ஏறுகிற மாதிரி ஒரு கெடுதலை உண்டாக்கும். இன்னொரு வரிசையில் காரீயத்தோடு இலைச்சாறும் சேரும். கடைசியில் எல்லாக் குழியிலும் ஒரு மஞ்சள் மருந்தை விடுவார்கள். உயிருள்ள செல் அந்த மஞ்சளை ஊதாவாக மாற்றும். செத்த செல்லால் முடியாது.

இலைச்சாறு சேர்த்த வரிசை முதன்முதலாக ஊதாவாக மாறிய அன்று ஜெயராணி ஸ்டோருக்கே ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். காரீயம் மட்டும் இருந்த குழிகள் வெளிறிக் கிடந்தன. பக்கத்து வரிசை நாவல்பழச் சாறு ஊற்றியது போல் இருந்தது. "பாருங்க எக்கா, பாருங்க! நம்ம வீட்டுப் பின்னால கெடந்த களை!" என்றாள். சிவபிரகாஷ் சார் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ரொம்ப நல்லா வந்திருக்கும்மா, ஆனால் இது தட்டு, மனுஷன் இல்லை" என்றார். ஆனால் என்று வராமல் இருந்தால்தான் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன்.

இதெல்லாம் நடந்தபோது கஸ்பார் அண்ணனுக்கு உடம்பு சரியில்லாமல் ஆகிக்கொண்டிருந்தது. மழைக்காலம் முடிந்து கடல் அமைதியானதும் முதல் ஆளாகப் படகை இறக்குகிறவர், அந்த வருஷம் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டார். வயிற்றைப் பிசைகிறது என்றார். படியேறினால் மூச்சு வாங்கியது. கறுத்த முகம் சாம்பல் பூத்துப் போனது. ஜெயராணி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

ரத்தம் குறைவு என்றார்கள். அதைவிட, கிரியாட்டினின் ஏறியிருக்கிறது என்றார்கள். சிறுநீரகம் வடிகட்ட வேண்டியதை வடிகட்டவில்லை என்று அர்த்தம். அங்கே இருந்த டாக்டரம்மா பெங்காலி, பொறுமைசாலி. சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, வலி மாத்திரை போடுவீர்களா, குடிப்பழக்கம் உண்டா, என்ன வேலை என்று ஒன்று விடாமல் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றார் கஸ்பார். வேலைக்கு மட்டும் "மச்லி பகட்தா ஹூன்" என்றார். மீன் பிடிக்கிறேன். அது உண்மைதானே, யார் என்ன குறை சொல்ல முடியும்?

மாத்திரை எழுதிக் கொடுத்து, அடிக்கடி ரத்தம் சோதிக்கச் சொன்ன டாக்டரம்மா ஒன்றை மட்டும் ஜெயராணியிடம் ஒளிக்காமல் சொன்னார். இதே வேகத்தில் ஏறினால் டயாலிசிஸ் வரும். அது வந்துவிட்டால் கடலுக்குப் போவதெல்லாம் நின்று போகும். வாழ்நாள் முழுக்க ஊசியும் மெஷினும்தான்.

அன்று படகில் வரும்போது ஜெயராணி முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள். டிக்கெட்காரர் வழக்கம்போலக் கேட்டதற்கு டிக்கெட்டை மட்டும் நீட்டினாள். கஸ்பார்தான் அவளைச் சமாதானப்படுத்தினார். "எதுக்குட்டி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? ஊரு கிட்னிய எல்லாம் காப்பாத்துற பொண்டாட்டிய வச்சிக்கிட்டு எனக்கு என்ன கொற? உன் கீரைய நாளையிலேருந்து காச்சிக் குடிக்கேன்."

"குடிச்சியன்னா கால ஒடிச்சிப்புடுவேன்" என்றாள் இவள். "அது தட்டுல பாத்தது. ஆளுக்குக் குடுக்கதுக்கு இன்னும் எத்தனையோ பாக்கணும். டாக்டர் குடுத்தத மட்டும் தின்னுங்க."

சரி என்று தலையாட்டினார். தலையாட்டுவதில் அந்த மனிதர் கெட்டிக்காரர். இவள் காலைப் படகுக்குக் கிளம்பிய பிறகு பின்பக்கம் போய்க் கொடியைப் பறித்து, கொதிக்க வைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, நாள் தவறாமல் குடித்திருக்கிறார். குடித்ததோடு விட்டாரா? படகுத்துறையில், ஐஸ் பிளான்டில், டீக்கடையில் எல்லாம் "என் வீட்டுக்காரி கண்டுபிடிச்ச மருந்து" என்று பறையடித்திருக்கிறார். இவளுக்கு மட்டும் தெரியாது!

அடுத்த ரத்தச் சோதனையில் கிரியாட்டினின் எகிறியிருந்தது. அதற்கடுத்ததில் இன்னும். வயிற்றுவலி தாங்காமல் மனிதர் சுருண்டு படுத்தார். டாக்டரம்மாவுக்குச் சந்தேகம் வந்து, நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று அழுத்திக் கேட்க, குட்டு உடைந்தது. அந்த அம்மாவுக்கு வந்த கோபம் இருக்கிறதே! "ஜடி பூட்டி பந்த் கரோ! ஏக்தம் பந்த்!" என்று, பச்சிலையெல்லாம் அடியோடு நிறுத்தச் சொல்லி மேஜையைத் தட்டினார். பிறகு ஜெயராணியைப் பார்த்து, "நீங்கள் லேபில் வேலை செய்கிறவர், உங்கள் வீட்டிலேயே இப்படியா?" என்று இந்தியில் கேட்டார். தனக்குத் தெரியாது என்று சாக்குச் சொல்லாமல் அவள் ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? ஜெயராணி கண்டுபிடித்த இலையே கஸ்பாரின் சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது என்று பாம்பூஃப்ளாட் முழுக்கப் பேச்சு. வெட்கங்கெட்டவர்கள், நேற்றுவரை "தீதி, எங்களுக்கும் நாலு கீரை" என்று கேட்டவர்களே பேசினார்கள். ஒருத்தியை நான் நடு ரோட்டில் நிறுத்தி வாங்கு வாங்கென்று வாங்கினேன். ஆனால் அவர்கள் சொல்வது உண்மையாக இருந்தால் என்ன செய்வது என்ற பயம் எனக்கும் இருந்தது. ஜெயராணிக்கு எவ்வளவு இருந்திருக்கும்!

வீட்டில் அதைவிடப் பெரிய கூத்து. கஸ்பார் கஷாயத்தை நிறுத்த மாட்டேன் என்று அடம்பிடித்தார். "நான் நிறுத்துனேன்னா, அந்த மருந்து பொய்னு நானே சொன்ன மாதிரி ஆவும். உன் புருஷனே நம்பலன்னா எவன்ட்டி நம்புவான்?" என்றார். இப்படி ஒரு பைத்தியக்கார அன்பை நான் எங்கேயும் பார்த்ததில்லை. ஜெயராணி வயிற்றில் அடித்துக்கொண்டு அழவில்லை. கஷாயம் இருந்த தூக்குப்பாத்திரத்தை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். ஒரு சுத்தமான புட்டியில் ஊற்றி மூடினாள். "வாங்க எக்கா, படகுக்கு நேரமாச்சி" என்றாள். அவள் குரலைக் கேட்டு நான் செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

சிவபிரகாஷ் சார் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டில் காய்ச்சிய தண்ணீரைச் செல்லின் மேல் ஊற்றுவதா, அதில் உப்பு இருக்கும், புளிப்பு இருக்கும், கிருமி இருக்கும், எதனால் என்ன ஆனது என்று எப்படிச் சொல்வது என்றார். அவர் சொன்னதிலும் ஒரு தப்பும் இல்லை. ஜெயராணி அவர் மேஜைக்கு முன்னால் நின்று, "சார், கிருமிய வடிகட்டிடுதேன். புளிப்பச் சரி பண்ணிடுதேன். இதே கொடியில பறிச்சி, இதே மாரி எலுமிச்ச பிழிஞ்சி, இங்க கண்ணாடிப் பாத்திரத்துல நானும் காச்சுதேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சிப் பாப்போம். எல கெட்டதுன்னா ரெண்டுலயும் செல்லு சாவட்டும். நான் இந்த வேலையையே விட்டுடுதேன்" என்றாள். சார் குறிப்பேட்டை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். "வேலையெல்லாம் விட வேண்டாம், ஆனால் குறிப்பு ஒழுங்கா எழுதும்மா" என்றார்.

செல்லுக்கு அவகாசம் கொடுக்க வேண்டும். மறுநாள்தான் மஞ்சள் மருந்து விட முடிந்தது. நான் ஸ்டோரைப் பூட்டிவிட்டு அங்கேயே போய் உட்கார்ந்துகொண்டேன். ஒரு டப்பா பஞ்சு வேண்டும் என்று வந்தவனை நாளைக்கு வா என்று விரட்டினேன். நிறம் மாற நேரமாகும். ஜெயராணி ஜெபமாலையை முந்தானைக்குள் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

கண்ணாடியில் காய்ச்சிய வரிசை ஊதா. அடர்ந்த ஊதா.

கஸ்பார் காய்ச்சிய வரிசை மஞ்சளாகவே கிடந்தது. அந்தக் குழிகளில் நாங்கள் வேறெந்த விஷத்தையும் கலக்கவில்லை. வெறும் கஷாயத்துக்கே செல்கள் மொத்தமும் செத்துப்போயிருந்தன.

நான் ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டேன். ஜெயராணி எழுந்து நின்றாள். முகம் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "எல இல்ல எக்கா" என்றாள். "எல சுத்தம். கொடி ஒண்ணு, பழம் ஒண்ணு. நான் காச்சுனா பொழைக்கி, அவிய காச்சுனா சாவுது. அப்ப அவிய காச்சுறதுலதான் என்னமோ இருக்கு. இன்னைக்கி அவியளக் காச்சச் சொல்லி நான் பக்கத்துல நின்னு பாக்கணும்."

சாயங்காலப் படகில் இரண்டு பேரும் போனோம். வெளிச்சம் இன்னும் இருந்தது. கஸ்பார் அண்ணன் வாசலில் சாய்வாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் உட்கார்ந்தார். கஷாயம் காய்ச்சிக் காட்டுங்கள் என்று ஜெயராணி சொன்னதும் அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. பெண்டாட்டி ஒருவழியாக நம்பிவிட்டாள் என்று நினைத்திருப்பார், பாவம். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அடுப்படிக்குப் போவார் என்று பார்த்தால், பின்பக்கக் கொட்டகைக்குப் போனார்.

"அங்க என்ன?" என்றாள் ஜெயராணி.

"சட்டி அங்கதான் இருக்கு."

வலையும் மிதவையும் தொங்கிய கொட்டகையிலிருந்து கனமான ஓர் இரும்புச் சட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். ஜெயராணியின் முகம் வெளுத்தது.

"இது என்னது?"

"சட்டி."

"என்ன சட்டின்னு கேக்கேன்!"

"இரும்புச் சட்டிட்டி. ரத்தம் கொறவா இருக்குன்னு டாக்டரம்மா சொன்னாவல்லா? இரும்புல காச்சிக் குடிச்சா ரத்தம் ஊறும்னு கூடத் தொழிலுக்கு வாற ஒச்சப்பன் சொன்னான். நீ அடுப்படி பூரா எவர்சில்வரா அடுக்கி வச்சிருக்க. நம்மகிட்ட இருக்கது இது ஒண்ணுதான் அசல் இரும்பு."

"இதுலதான ஈயம் உருக்குவிய?"

"அது மழைக்காலத்துல. இப்ப ஏது மழ? சாம்பலப் போட்டுத் தேச்சி வச்சிருக்கேன் பாரு, மொகம் பாக்கலாம்."

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வலை கடலில் அமிழ்வதற்கு அடியில் ஈயக்குண்டு, அதாவது காரீயக் குண்டு, கோர்க்க வேண்டும். மழைக்காலத்தில் படகு கரையேறிக் கிடக்கும்போது, பழைய பேட்டரித் தகடும் பழைய குண்டும் சேர்த்துச் சட்டியில் உருக்கி, அச்சில் ஊற்றி, புதுக்குண்டு வார்த்து வைத்துக்கொள்வார்கள். வெளியே மழை கொட்டுவதால் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டு, அந்தப் புகைக்குள்ளேயே உட்கார்ந்து வார்ப்பார்கள். அதை ஒருவரும் வேலை என்று நினைப்பதில்லை. வேலை கடலில், இது மழையில் பொழுது போகச் செய்வது. என்ன வேலை என்று டாக்டரம்மா கேட்டபோது இது கஸ்பார் வாயில் ஏன் வரவில்லை என்று இப்போது புரிகிறதா? ஆய்வுக்கூடத்தில் அதே காரீயத்தின் உப்பு மண்டையோடு போட்ட புட்டியில் இருக்கும், அதைக் கையுறை இல்லாமல் ஜெயராணி தொட மாட்டாள். வீட்டுக் கொட்டகையில் கிடப்பது அவள் பிறந்ததிலிருந்து பார்க்கிற சாம்பல் நிறக் கட்டி. அதையும் இதையும் அவள் சேர்த்தே பார்த்ததில்லை.

முதலில் அவரைச் சாய்த்தது அந்தப் புகை, போதாக்குறைக்கு எலுமிச்சம்பழம். சட்டியின் சொரசொரப்பில் ஒட்டியிருந்த காரீயத்தை அந்தப் புளிப்பு கரைத்துக்கொண்டு வந்து, இலையால் தடுக்க முடியாத அளவுக்குத் தினமும் கஷாயத்தோடு உள்ளே அனுப்பியிருக்கிறது.

"தஞ்சாவூர்க்காரங்க ஈயச் சொம்புல ரசமே வைக்காங்களே" என்று கஸ்பார் முனகினார். "அது வெள்ளீயம்! வேற உலோகம்! இது காரீயம், எமன்! என் புருஷனுக்கு நான் இல்லாத நேரமாப் பாத்து எமன ஊத்திக் குடுத்திருக்கீரு, ஓய்!" என்று ஜெயராணி போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. திட்டிக்கொண்டே இருந்தவள் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். சட்டியை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். "கண்டுபிடிச்சிட்டேன் எக்கா! மாதாவே, கண்டுபிடிச்சிட்டேன்! இனிமே அவியளுக்கு வைத்தியம் இருக்கு!" என்று கூட்டத்துக்கு நடுவில் நின்று கத்தினாள். என்னவென்றே தெரியாமல் கூட்டமும் கை தட்டியது.

மறுநாள் அந்தச் சட்டியைப் பாலித்தீன் பையில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு படகேறினாள். முதல் வேலையாகத் தண்ணீர் சோதிக்கும் கூடத்துக்குக் கொண்டுபோனாள். சட்டியில் எலுமிச்சை நீரைக் காய்ச்சிப் பார்த்ததில் காரீயம் தாராளமாக இறங்கியிருந்தது. அதோடு நேராக டாக்டரம்மா முன்னால் போய் நின்றாள். அந்த அம்மா கேட்டு முடித்ததும் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். வயிற்றுவலி, ரத்தக் குறைவு, சிறுநீரகம் எல்லாம் ஒரே சரட்டில் சேர்ந்துகொண்டது. அன்றைக்கே ரத்தம் எடுத்து விமானத்தில் மெயின்லாண்டுக்கு அனுப்பினார்கள். காரீயம் எக்கச்சக்கமாக இருக்கிறது என்று பதில் வந்தது. என் வாழ்க்கையில் கெட்ட ரிப்போர்ட் ஒன்றைப் பார்த்து ஆட்கள் சந்தோஷப்பட்டதை அன்றுதான் கண்டேன்.

காரீயத்தைப் பிடித்து இழுத்துச் சிறுநீரோடு வெளியே தள்ளுவதற்கு மருந்து இருக்கிறது. அதை மெயின்லாண்டிலிருந்து வரவழைத்து, ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துக் கொடுத்தார்கள். "இப்ப நல்ல பாத்திரத்துல காச்சிக் கீரையும் குடிக்கட்டா?" என்று கஸ்பார் கேட்டதற்கு, டாக்டரம்மாவும் ஜெயராணியும் ஒரே குரலில் "நஹி!" என்று போட்ட அதட்டலில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

அவர் படுத்திருந்த அந்த மாதங்களில் ஜெயராணி சும்மா இருக்கவில்லை. வீடு வீடாகப் போய்க் கொட்டகைக்குள் நுழைந்தாள். "யாருல ஈயம் உருக்குறது? சட்டிய எடு வெளிய!" என்று போலீஸ்காரி மாதிரி நின்றாள். இனி வலைக்குண்டைக் கடையில் வார்த்ததாக வாங்குவது, வீட்டில் உருக்குவதில்லை என்று கரைக்காரர்களைச் சொல்ல வைத்தாள். வார்க்கிறவர்கள் எல்லாரையும் சோதனைக்கு ரத்தம் கொடுக்கவும் வைத்தாள். நடு ரோட்டில் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாளே ஒருத்தி, அவள் புருஷனும் அதில் ஒருத்தன். இன்னொருத்தன் ஒச்சப்பன், அவன் ரத்தத்திலும் காரீயம் இருந்தது. நல்லவேளை, சிறுநீரகம் கெடுவதற்கு முன்னால் தெரிந்துவிட்டது. இரும்புச் சட்டி யோசனை சொன்ன குற்றத்துக்காக அவன் ஜெயராணியைக் கண்டால் இன்றைக்கும் ஐஸ் பிளான்டுக்குப் பின்னால் ஒளிகிறான்.

ஆய்வுக்கூடத்தில் கீரைச் சோதனையை முதலிலிருந்து மூன்று தடவை திரும்பச் செய்தார்கள். கண்ணாடிப் பாத்திரம், அளந்த தண்ணீர், பத்து விதமான ஒப்பீடு. இலையைப் பிரித்து, எந்தப் பொருள் செல்லைக் காக்கிறது என்றும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். மூன்று தடவையும் அதே ஊதா. சிவபிரகாஷ் சார் தட்டை வெளிச்சத்தில் பிடித்தார். நாங்கள் 'ஆனால்' வரும் வரும் என்று காத்திருந்தோம். "ஜெயராணி, அருமை" என்றார். அவ்வளவுதான். வாக்கியம் அங்கேயே முடிந்தது! ஸ்டோரில் இருந்த லட்டு டப்பாவை நான் அன்றைக்கே திறந்தேன்.

கிரியாட்டினின் ஒரே நாளில் இறங்கிவிடவில்லை. முதலில் ஏறுவது நின்றது. பிறகு கொஞ்சம் இறங்கியது. ஒருமுறை மறுபடி ஏறி எங்கள் உயிரை எடுத்தது. ஒவ்வொரு சோதனைக்கும் நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். கடைசியாகப் போன அன்று டாக்டரம்மா ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"டயாலிசிஸ் கீ பாத் கதம்" என்றார். டயாலிசிஸ் பேச்சே இனி இல்லை. கெட்டதில் பெரும்பகுதி மீண்டுவிட்டது, மிச்சத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டால் போதும் என்றார்.

"சமுந்தர் ஜா சக்தா ஹூன்?" என்று கஸ்பார் கேட்டார். கடலுக்குப் போகலாமா?

"ஜாவோ" என்றார் அந்த அம்மா. போங்கள்.

சாத்தத்தில் படகேறியதும் கஸ்பார் அண்ணனுக்கு என்ன தோன்றியதோ, அந்தப் பேசாத மனிதர் நடுப்படகில் இருந்த பெஞ்சின் மேல் ஏறி நின்றார். "சுனோ பாய் லோக்! மேரா தோனோ கிட்னி பாஸ்! ஃபர்ஸ்ட் கிளாஸ் பாஸ்!" என்று கையை உயர்த்திக் கத்தினார், இரண்டு சிறுநீரகமும் பாஸாம். பெங்காலி, தெலுங்கு, மலையாளம் என்று அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். டிக்கெட்காரர் விசில் அடித்தார். யாரோ கைதட்ட, மொத்தப் படகும் கைதட்டியது. முன்பின் தெரியாத ஒரு தெலுங்குப் பாட்டாளி தான் வாங்கிப் போன வாழைப்பழச் சீப்பைப் பிய்த்து எல்லாருக்கும் கொடுத்தார். நானும் விசிலடித்தேன்; எனக்கு விசில் வரும் என்று எனக்கே அன்றுதான் தெரியும்.

"எறங்குங்க, எறங்குங்க, மானம் போவுது" என்று ஜெயராணி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததுதான் தாமதம், இத்தனை மாதமும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் ஓவென்று அழ ஆரம்பித்தாள். அவர் பயந்துபோய் என்னைப் பார்த்தார்.

"ஏண்டி, ஜெயிச்சாச்சு, இப்போ போய் அழறியே?" என்றேன்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவர் கையை இறுக்கிப் பிடித்தாள். "எக்கா, புட்டியில செல்லு செத்தா கழுவி ஊத்திட்டு வேற புட்டி எடுத்துக்கிடுவேன். இவிய எனக்கு ஒண்ணுதான எக்கா இருக்காவ."